கொல்லிமலையில் ஒரு ‘கிக்’ காலை!

பைக் வெச்சிருக்கீங்களா? அப்படின்னா இந்தச் சத்தத்தை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்தவே வேண்டாம். ‘கர்ர்ர்ர்… கர்ர்… கர்… டொக்!’

ஹாஸ்டல் வாசல்ல நாலு பேர் பார்க்கும்போது இந்தச் சத்தம் வந்தா மானம் போகும். அவ்வளவுதான். ஆனா, கடல் மட்டத்துக்கு மேல 1,000 மீட்டரைத் தாண்டின உயரத்துல, விடிஞ்சும் விடியாத ஒரு மழைக் காலையில, ஒரு பொண்ணோட காலேஜ் அட்மிஷன் அந்த வண்டியை நம்பி நிக்கும்போது வந்தா..?

எனக்கு வந்தது. போன ஜூன் மாசம், கொல்லிமலையில!

முறுக்கு புழிஞ்ச ரோடு

கொல்லிமலைக்கு வாசல் நாமக்கல். லாரிக்கு பாடி கட்டுறதுக்கும் முட்டைக்கும் பேர் போன ஊர். அங்கே இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டினா அடிவாரம் காரவள்ளி. அது வரைக்கும் சமர்த்தா நேராப் போன ரோடு, அதுக்கப்புறம் முறுக்கு புழிஞ்ச மாதிரி ஆயிடும். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் நம்பர் போட்டு போர்டு வெச்சிருக்காங்க. முதல் பத்து வளைவு ஜாலியா இருக்கும். இருபதுல மணிக்கட்டு வலிக்கும். நாற்பதுல பின்னாடி உட்கார்ந்திருக்கிறவன் பேச்சை நிறுத்திடுவான். அறுபதுல காது அடைக்கும். எழுபதாவது போர்டைப் பார்த்ததும் எல்லா அரியரும் ஒரே நாள்ல கிளியர் ஆன மாதிரி ஒரு சந்தோஷம் வரும் பாருங்க… அதை அனுபவிச்சாதான் தெரியும்!

என் வண்டி, அப்பா 2009-ல் வாங்கின 100 சிசி பைக். கிக்கரும் உண்டு, செல்ஃபும் உண்டு. கார்புரேட்டர் வெச்ச பழைய காலத்து ஆள். பின்னாடி என் கிளாஸ்மேட். அவனுக்கு சொந்த ஊரே கொல்லிமலைதான். ‘வாடா மாப்ள, எங்க ஊர் பலாப்பழம் சாப்பிட்டிருக்கியா?’னு மூணு வருஷமா கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். ஜூன்ல பலா சீஸன். செமஸ்டர் லீவும் சேர்ந்துக்கிச்சு. கிளம்பிட்டோம்.

ஏறும்போதே ஒண்ணு கவனிச்சேன். மேலே போகப் போக வண்டி மூச்சு வாங்குது. காரணம் பெரிய ரகசியம் இல்லை. 1,000 மீட்டர் உயரத்துல காத்தோட அடர்த்தி கீழே இருக்கிறதைவிட கிட்டத்தட்ட 10 சதவிகிதம் குறைவு. ஆனா, அது கார்புரேட்டருக்குத் தெரியாது. கீழே செட் பண்ணின அளவுக்கு பெட்ரோலை விட்டுக்கிட்டே இருக்கும். காத்து கம்மி, பெட்ரோல் ஜாஸ்தி. இதைத்தான் மெக்கானிக் அண்ணன்கள் ‘வண்டி ரிச்சா ஓடுது’னு சொல்வாங்க. இந்தப் பாயின்ட்டை மனசுல வெச்சுக்கங்க. காலையில தேவைப்படும்.

சோளக்காடு தாண்டும்போதே மழை பிடிச்சுக்கிச்சு. ரெண்டு பக்கமும் சில்வர் ஓக் மரம், அதுல ஏறியிருக்கிற மிளகுக் கொடி, கீழே காபிச் செடி… எல்லாம் நனைஞ்சு பளபளன்னு நிக்குது. செம்மேட்டுல ஒரு டீயைக் குடிச்சுட்டு, அங்கேருந்து இன்னும் உள்ளே தள்ளி இருக்கிற அவன் ஊருக்குப் போய்ச் சேரும்போது இருட்டிடுச்சு. வண்டியை வீட்டு வாசல்ல, வேப்பமரத்துக்கு அடியில நிறுத்தினேன். மேலே ஒரு சாக்குகூடப் போடலை. முதல் தப்பு அதுதான்!

‘பைக் இருக்குல்ல!’

ராகிக் களி, கீரைக் குழம்பு, அதுக்கு மேல பலாச்சுளை. சாப்பிட்டு உட்கார்ந்தப்போதான் விஷயம் தெரிஞ்சது. நண்பனோட தங்கச்சி ப்ளஸ் டூ முடிச்சுட்டு இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்கு அப்ளை பண்ணியிருக்கு. ஆன்லைன்ல ஏத்தின சாதிச் சான்றிதழ் தெளிவா இல்லைனு மெசேஜ் வந்திருக்கு. ஒரிஜினலோட நாமக்கல்லுல இருக்கிற சரிபார்ப்பு மையத்துக்கு வரணும். காலையில 10 மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. கடைசி நாள், மறுநாள்தான்!

இந்த மலையில வாழுற மலையாளி பழங்குடி மக்கள்ல காலேஜ் வாசலை மிதிக்கிற முதல் தலைமுறை இது. அந்த ஒரு காகிதம் அவங்களுக்கு எவ்வளவு முக்கியம்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அது கைக்கு வர்றதுக்கு அவங்க அப்பா எத்தனை தடவை மலை இறங்கி ஏறினார்னு அவரே விரல்விட்டு எண்ணிக் காட்டினார். ஒரு கை விரல் பத்தலை.

‘‘காலையில ஆறு மணி பஸ்ல போயிட்டா நிம்மதி. அதை விட்டா மத்தியானம்தான் இந்தப் பக்கம் பஸ்’’னு அவங்க அம்மா சொன்னாங்க.

அப்போ வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். ‘‘எதுக்கும்மா பஸ்ஸு? என் பைக் இருக்குல்ல! அண்ணனும் தங்கச்சியும் ஏழு மணிக்குக் கிளம்பினாகூட ஒன்பதரைக்கு அங்கே இருக்கலாம். நான் மெதுவா மத்தியான பஸ்ல வர்றேன்’’னு அள்ளி விட்டேன். எல்லாரும் நம்பினாங்க. மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படிக்கிற பையன் சொல்றானே!

நாற்பது கிக்… நாலு பேர்!

காலையில எழுந்து, வண்டியைத் துடைச்சு சூடு பண்ணி வைக்கலாம்னு போனப்போ மணி 5.45. செல்ஃபை அமுக்கினேன். ‘கர்ர்ர்ர்…’ பிடிக்கலை. திரும்ப அமுக்கினேன். பிடிக்கலை. விட்டேனா? ‘டொக்’னு பேட்டரி உயிரை விடுற வரைக்கும் அமுக்கினேன். தப்பு நம்பர் ரெண்டு! செல்ஃபை ஒரு தடவைக்கு 5 விநாடிக்கு மேல அமுக்கக் கூடாது. நடுவுல 10 விநாடியாவது பேட்டரிக்கு மூச்சு விட டைம் கொடுக்கணும். இதை செகண்ட் இயர்லயே படிச்சேன். எழுதி மார்க்கும் வாங்கினேன்.

அதுவரைக்கும் பயம் இல்லை. ஏன்னா, என் வண்டியில ஸ்பார்க் வர்றதுக்கு பேட்டரி தேவையில்லை. எஞ்சின் சுத்தும்போது உள்ளே இருக்கிற காயிலே அதுக்கான கரன்ட்டைத் தயாரிச்சுக்கும். பேட்டரி செத்தாலும் கிக்கர் காப்பாத்தும். சோக்கை இழுத்து விட்டுட்டு உதைக்க ஆரம்பிச்சேன். பத்து, இருபது, முப்பது… தூரத்துல பஸ் ஹாரன் கேட்டுச்சு. ஆறு மணி பஸ். ‘போய் ஏறிக்கங்க’னு சொல்ல அப்பவாவது வாய் வந்திருக்கணும். வரலை. ஈகோ! இன்னும் பத்து உதை. பஸ் போயிடுச்சு. வண்டி அப்படியே நிக்குது.

செம்மேட்டுல குதிரை மேல உட்கார்ந்திருக்கிற வல்வில் ஓரி சிலையைப் பார்த்திருக்கீங்களா? கொல்லிமலையை ஆண்ட மன்னன், கடையேழு வள்ளல்கள்ல ஒருத்தர். ஒரே அம்புல யானை, புலி, மான், பன்றி, உடும்புனு வரிசையா துளைச்சவர்னு சங்கப் பாட்டு சொல்லுது. அதே மலையில ஒரு இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட், நாற்பது உதையில ஒரு எஞ்சினைக் கிளப்ப முடியாம நிக்கிறான்! ஓரியோட குதிரைக்கும் ஓரினுதான் பேராம். நிச்சயமா அதுக்கு சோக் தேவைப்பட்டிருக்காது.

அதுக்குள்ள வீட்டுல நாலு பேரும் வாசலுக்கு வந்துட்டாங்க. நண்பன், ‘‘தள்ளிப் பார்க்கலாம்டா’’ன்னான். வாசலுக்கு முன்னாடியே இறக்கம். சாவி ஆன், ரெண்டாவது கியர், கிளட்சைப் பிடிச்சு உருட்டி, வேகம் எடுத்ததும் கிளட்சை விட்டேன். ‘டப… டப… டப’. நின்னுடுச்சு. திரும்ப மேலே ஏத்தித் தள்ளிக்கிட்டு வந்ததுல ரெண்டு பேருக்கும் நாக்கு தள்ளிடுச்சு.

‘‘மச்சி, இப்படியே நியூட்ரல்ல உருட்டிக்கிட்டு அடிவாரம் வரைக்கும் போயிட்டா? எப்படியும் முக்கால்வாசி இறக்கம்தானே!’’னு கேட்டான் அவன்.

அது வரைக்கும் ஒரு வார்த்தை பேசாம இருந்த அவங்க அப்பா, ‘‘பைத்தியமாடா உனக்கு?’’னு ஒரே அதட்டல். ‘‘எஞ்சின் புடிப்பு இல்லாம எழுபது வளைவு இறங்குவியா? அதுவும் பின்னாடி இவளை வெச்சுக்கிட்டு?’’

அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. மலை இறங்கும்போது நம்மைப் பிடிச்சு நிறுத்துறதுல பாதி வேலையை எஞ்சின்தான் செய்யுது. அது இல்லாம வெறும் பிரேக்கை அமுக்கிக்கிட்டே வந்தா, நாலாவது கிலோமீட்டர்லயோ அஞ்சாவது கிலோமீட்டர்லயோ டிரம் சூடாகி பிடிமானம் போக ஆரம்பிச்சுடும். ஏறும்போது என்ன கியரோ, இறங்கும்போதும் அதே கியர். மலைப் பாதையோட முதல் சட்டம் இது.

நோட்டுல நாலு கட்டம்

மணி 6.30. நான் வண்டிக்குப் பக்கத்துல தரையில உட்கார்ந்துட்டேன். அப்போ தங்கச்சி வந்து ரொம்ப சாதாரணமா கேட்டுச்சு. ‘‘அண்ணா, வண்டி ஸ்டார்ட் ஆகறதுக்கு மொத்தம் எத்தனை விஷயம் வேணும்?’’

‘‘நாலு. காத்து, பெட்ரோல், ஸ்பார்க், கம்ப்ரஷன்.’’

‘‘அதுல எது இல்லைனு பார்த்தீங்களா?’’

பார்க்கலை. அதுதாங்க உண்மை. நாற்பத்தஞ்சு நிமிஷமா உதைச்சேனே தவிர, எதையும் பார்க்கலை. ‘ஸ்டார்ட் ஆகலை, அதனால இன்னும் பலமா உதை’ங்கிறதுதான் என் இன்ஜினீயரிங்கா இருந்திருக்கு. தங்கச்சி உள்ளே போய் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துட்டு வந்து, நாலு கட்டம் போட்டுச்சு. ஒவ்வொண்ணா அடிச்சுக்கிட்டே வரலாம்னு முடிவு.

அதுக்கு முன்னாடி, காசு செலவில்லாத செக்கிங். சாவி ஆன்ல இருக்கா? இருக்கு. ஹேண்டில்பார்ல கில் ஸ்விட்ச்? என் வண்டிக்குக் கிடையாது, உங்களுதுக்கு இருந்தா முதல்ல அதைப் பாருங்க. சிரிக்காதீங்க, ஆளையே கூட்டிட்டு வந்து காசும் கொடுத்துட்டு அப்புறம் கில் ஸ்விட்சைக் கண்டுபிடிச்சவங்க நம்ம ஊர்ல நிறைய! பெட்ரோல் இருக்கா? மூடியைத் திறந்து வண்டியை ஆட்டினேன். அடியில கொஞ்சம் தளும்புது. நாப்பை ரிசர்வுல வெச்சேன்.

கம்ப்ரஷன்: பிளக்கைக் கழட்டிட்டு, அந்த ஓட்டையில கட்டைவிரலை வெச்சு அமுக்கி, நண்பனை மெதுவா கிக்கரை மிதிக்கச் சொன்னேன். விரலைத் தள்ளிவிட்டு ‘புஸ்’னு காத்து வருது. ஓகே. முதல் கட்டம் டிக்.

காத்து: ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து பார்த்தோம். கொஞ்சம் தூசு. ஆனா நனையலை, அடைப்பு இல்லை. டிக்.

ஸ்பார்க்: கையில இருக்கிற பிளக்கைப் பார்த்தா தொப்பலா நனைஞ்சிருக்கு. மேலே கறுப்பா கரி. பிளக்குதாங்க எஞ்சினோட நாக்கு. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்ற மாதிரி, மெக்கானிக் முதல்ல இதைத்தான் பார்ப்பார். பிஸ்கட் கலர்ல இருந்தா வண்டி ஆரோக்கியம். காஞ்ச கரி படிஞ்சிருந்தா பெட்ரோல் ஜாஸ்தி. வெள்ளை வெளேர்னு இருந்தா பெட்ரோல் பத்தலை. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா உள்ளே ஆயில் ஏறுது, செலவு காத்திருக்கு. நனைஞ்சிருந்தா ‘ஓவர்ஃப்ளோ’. ஏற்கெனவே உயரத்தால பெட்ரோல் ஜாஸ்தி, அதுக்கு மேல சோக்கை இழுத்து விட்டு நாற்பது உதை. நனையாம என்ன செய்யும்?

பெட்ரோல் நாப்பை மூடி, சாவியையும் ஆஃப் பண்ணிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுசா முறுக்கிப் பிடிச்சு, பிளக் இல்லாமலே பத்து உதை. உள்ளே தேங்கினது எல்லாம் வெளியே பீச்சி அடிச்சது. பிளக்கைத் துணியில துடைச்சு, உப்புத்தாள்ல முனையைத் தேய்ச்சேன். முனைக்கு நடுவுல இருக்கிற இடைவெளி பெரும்பாலான சின்ன வண்டிகளுக்கு 0.6 முதல் 0.8 மில்லிமீட்டருக்குள்ள இருக்கும். அளக்க கேஜ் இல்லையா? ரம்பத்துல இருக்கிற ஆக்ஸா பிளேடு உள்ளே சரியா நுழைஞ்சா கிட்டத்தட்ட சரி. இது ரோட்டோர மெக்கானிக்குகள் கண்டுபிடிச்ச கேஜ்!

கொஞ்ச நேரம் பெட்ரோல் வாசம் போகட்டும்னு விட்டுட்டு, பிளக்கை கேப்புல மாட்டி, அதோட உலோக உடம்பை எஞ்சின் ஹெட்ல படுற மாதிரி, பிளக் ஓட்டைக்குத் தூரமா வெச்சு, சாவியை ஆன் பண்ணி உதைச்சோம். ‘டிக்… டிக்’னு நீலமா தெறிச்சது பொறி. மஞ்சளா, சோம்பலா வந்தா சந்தேகப்படணும். இது சுத்தமான நீலம். மூணாவது கட்டமும் டிக்.

மாட்டி உதைச்சேன். ‘டப்’னு ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான். மணி 7.10.

‘நேத்துல இருந்து என்ன மாறிச்சு?’

தங்கச்சி நோட்டைப் பார்த்துக்கிட்டே கேட்டுச்சு. ‘‘நேத்து ராத்திரி வரைக்கும் ஓடுச்சுல்ல? அப்போ இருந்து இப்போ வரைக்கும் என்ன மாறிச்சு?’’

மூணு வருஷத்துல எந்தப் பேப்பர்லயும் என்கிட்ட கேட்காத கேள்வி. ஆனா, இதைவிட நல்ல கேள்வி இல்லை.

‘‘ஒண்ணும் மாறலையே… மழை பெஞ்சது. அவ்வளவுதான்.’’

சொல்லும்போதே எனக்குப் பொறி தட்டுச்சு. திரும்ப பிளக்கைக் கழட்டினேன். மறுபடி ஈரம். அந்த ஈரத்தை உள்ளங்கையில தேய்ச்சேன். பெட்ரோலா இருந்தா சில்லுனு இருக்கும், நாலஞ்சு விநாடியில காணாமப் போயிடும். இது போகலை. அப்படியே நிக்குது. மோந்து பார்த்தேன். பெட்ரோல் வாசம் லேசாத்தான் இருக்கு.

தண்ணி!

டேங்க் மூடியைச் சுத்திப் பார்த்தோம். மூடி உட்கார்ற பள்ளத்துல மழைத் தண்ணி குளம் கட்டி நிக்குது. அது வழிஞ்சு போக ஒரு சின்ன ஓட்டை இருக்கும். என் வண்டியில அது சேறு அடைச்சுக் கிடக்கு. மூடிக்கு அடியில இருக்கிற ரப்பர் வாஷர் வயசாகி வெடிச்சிருக்கு. ராத்திரி பூரா பெஞ்ச மழை, சொட்டுச் சொட்டா டேங்குக்குள்ள இறங்கியிருக்கு.

பெட்ரோலைவிட தண்ணி கனம். அதனால டேங்குக்கு அடியில போய்ப் படுத்துக்கும். அங்கேருந்து கார்புரேட்டர் பவுலுக்கு வரும். பவுலோட அடியில இருந்துதான் ஜெட் உறிஞ்சும். நாம பெட்ரோல் போகுதுன்னு நினைச்சு உதைச்சுக்கிட்டு இருப்போம், எஞ்சின் தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கும்!

இதுல இன்னொரு சங்கதியும் இருக்கு. இப்போ நாம போடுற பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கு. 2025-ல் இந்தக் கலவை 20 சதவிகிதத்தைத் தொட்டது. எத்தனாலுக்குத் தண்ணியோட ரொம்ப சிநேகம். கொஞ்சம் தண்ணின்னா தன்கூட சேர்த்துக்கும், வண்டியும் ஓடிடும். அளவு தாண்டினா, எத்தனாலும் தண்ணியும் கைகோத்துக்கிட்டு பெட்ரோலை விட்டுப் பிரிஞ்சு அடியில போய்த் தங்கிடும். மாசக்கணக்கா நிறுத்தி வைக்கிற பழைய வண்டிகளுக்கும், மழையில நனையுற வண்டிகளுக்கும் இது ஒரு புதுத் தலைவலி.

முதல்ல, வாசல்ல வெந்நீர் காய்ஞ்சுக்கிட்டு இருந்த விறகு அடுப்பை அணைக்கச் சொன்னோம். அம்மா குடத்துத் தண்ணியை அப்படியே ஊத்தினாங்க. பெட்ரோலைத் திறக்கிற இடத்துல நெருப்பு வாசமே கூடாது.

கார்புரேட்டர் பவுலுக்கு அடியில ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதைத் தளர்த்தி, கீழே ஒரு காலி தண்ணி பாட்டிலைப் பிடிச்சேன். ஒழுகி வந்ததை வெளிச்சத்துல தூக்கிக் காட்டினேன். மேலே இளமஞ்சளா பெட்ரோல். கீழே தனியா, கண்ணாடி மாதிரி இன்னொரு அடுக்கு. ‘‘ரெண்டு மாடி!’’ன்னுச்சு தங்கச்சி. அடுத்து, கார்புரேட்டருக்கு வர்ற டியூபை உருவி பாட்டிலுக்குள்ள விட்டு, நாப்பை ரிசர்வுலயே வெச்சுத் திறந்தோம். ரிசர்வ்தான் டேங்கோட அடிமட்டத்துல இருந்து எடுக்கும். ‘குபுக் குபுக்’னு தண்ணி வந்தது. பாட்டில்ல பாதி நிரம்பினப்புறம் சுத்தமான பெட்ரோல். பள்ளத்துல இருந்த தண்ணியைத் துணியில ஒத்தி எடுத்து, அடைச்சிருந்த ஓட்டையை ஈர்க்குச்சியால குத்திவிட்டோம். பக்கத்து வீட்டு அண்ணன் தன் வண்டியில இருந்து அரை லிட்டர் பெட்ரோல் கொடுத்தார். மூடி மேல ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டுக் கட்டியாச்சு.

பிளக்கைத் துடைச்சு மாட்டினேன். சோக்கை இழுக்கலை. இந்தத் தடவை நண்பனோட அப்பா கிக்கர் மேல காலை வெச்சார். ஒண்ணு. ரெண்டு. மூணு…

‘டுப்… டுப்டுப்… டுர்ர்ர்ர்!’

வெள்ளையா ஒரு புகை. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க. வண்டியையா, எட்டுக்கை அம்மனையான்னு தெரியலை. மணி 7.40.

காதுல ஓடின எழுபது வளைவு

ரெண்டு ஹெல்மெட். அண்ணனும் தங்கச்சியும் கிளம்பிட்டாங்க. சான்றிதழ், பிளாஸ்டிக் கவர் மேல கவர் போட்டு தங்கச்சியோட சுடிதார் துப்பட்டாவுக்குள்ள. ‘‘செகண்ட் கியரை விடாதே, செல்ஃபைத் தொடாதே, நடுவுல ஆஃப் பண்ணாதே’’னு கத்தினேன். வண்டி சத்தம் மரங்களுக்குள்ள போய், தேய்ஞ்சு, காணாமப் போச்சு.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு நிஜமான பரீட்சை. ஊர்ல சிக்னல் கிடையாது. வண்டி எந்த வளைவுல நிக்குதோ, டேங்குல இன்னும் தண்ணி மிச்சம் இருக்கோ… ஒண்ணும் தெரியாது. அவங்க அப்பாகூட செம்மேடு வரைக்கும் நடந்தேன். அவர் தோள்ல ஒரு பலாப்பழம். எனக்காம்!

நடக்கும்போது அவர்தான் பேசினார். ‘‘இங்க வண்டி கிளம்பலைன்னா சும்மா இல்ல தம்பி. பிரசவ வலின்னாலும் வண்டிதான். பரீட்சைன்னாலும் வண்டிதான். கீழ இருக்கறவங்களுக்கு ஒரு வண்டி இல்லாட்டி இன்னொரு வண்டி. எங்களுக்கு அப்படி இல்ல.’’ அவர் திட்டினாகூட அவ்வளவு உறைச்சிருக்காது. ஆறு மணி பஸ்ஸை விடச் சொன்னது நான்தானே!

கொல்லிமலைக்கு நான் வந்தது ஆகாய கங்கையைப் பார்க்க. அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்துல ஆயிரத்துக்கும் மேல படி இறங்கினா, அய்யாறு அப்படியே மேலேருந்து கொட்டும். அன்னிக்கு அதைப் பார்க்கலை. செம்மேட்டுல ஓரி சிலைக்குப் பக்கத்துல போனைக் கையில வெச்சுக்கிட்டு, சிக்னல் கோட்டையே பார்த்துக்கிட்டு நின்னேன். அருவியைவிட அந்த ரெண்டு கோடு அழகா தெரிஞ்சது, நம்புங்க.

10.50-க்கு போன். தங்கச்சிதான். ‘‘அண்ணா, முடிஞ்சுடுச்சு. ஏத்திட்டாங்க. சரியா இருக்குன்னு சொல்லிட்டாங்க.’’

போனை அவங்க அப்பாகிட்ட கொடுத்தேன். அவர் ‘‘சரிம்மா… சரிம்மா’’னு மட்டும் சொன்னார். அப்புறம் பலாப்பழத்தைக் கீழே வெச்சுட்டு, துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டார்.

திரும்ப போனை வாங்கி, ‘‘அப்போ மெக்கானிக்கல்தானே எடுக்கப் போறே? இப்பவே பாதி மெக்கானிக் ஆயிட்டே!’’ன்னு கேட்டேன்.

‘‘இல்லண்ணா. ஈ.சி.இ! இன்னிக்குக் காலையில உங்களைப் பார்த்த அப்புறம்தான் முடிவே பண்ணேன்!’’

ம்ம்… எனக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்!

உதைக்கிறதுக்கு முன்னாடி… ஒரு நிமிஷம்!

* சாவி, கில் ஸ்விட்ச், பெட்ரோல் நாப், நியூட்ரல். முதல்ல இந்த நாலு. செலவு பூஜ்யம்.

* சோக் போட்டு மூணு, நாலு கிக். கிளம்பலைன்னா சோக்கை மூடிடுங்க. பெட்ரோல் வாசம் அடிச்சா, ஆக்ஸிலேட்டரை முழுசா முறுக்கி நாலஞ்சு கிக் உதைச்சுட்டு, பத்து நிமிஷம் வண்டியை விட்டுத் தள்ளி நில்லுங்க.

* டேங்க் மூடியைத் திறந்ததும் ‘புஸ்’னு சத்தம் வந்து வண்டி கிளம்பிட்டா, மூடியில காத்து போற ஓட்டை அடைச்சிருக்குன்னு அர்த்தம்.

* 2020 ஏப்ரல்ல பி.எஸ். 6 வந்த அப்புறம் வந்த பைக்குகள் பெரும்பாலும் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன். அதுல சோக்கும் கிடையாது, பவுலும் கிடையாது. சாவி போட்டதும் டேங்குக்குள்ள பம்ப் ‘ஙீ’ன்னு ரெண்டு விநாடி முனகணும். சத்தமே இல்லைன்னா ஃபியூஸ், பேட்டரியைப் பாருங்க. பேட்டரி சுத்தமா செத்துட்டா, தள்ளினாலும் பம்ப் ஓடாது.

* பல புது வண்டிகள்ல சைடு ஸ்டாண்ட் போட்டிருந்தா ஸ்டார்ட் ஆகாது. தள்ளிக்கிட்டே மெக்கானிக் ஷெட் வரைக்கும் போறதுக்கு முன்னாடி ஸ்டாண்டைப் பாருங்க!

* பிளக் ஸ்பேனர், ஒரு உபரி பிளக், துண்டு உப்புத்தாள், காலி பாட்டில். மலை ஏறும்போது இந்த நாலும் சீட்டுக்கு அடியில இருக்கட்டும்.

* எல்லாத்துக்கும் மேல, தங்கச்சி கேட்ட அந்தக் கேள்வி: ‘நேத்துல இருந்து என்ன மாறிச்சு?’

என் வண்டிக்கு இப்போ புது ரப்பர் வாஷர். விலை, ஒரு பரோட்டா செட்டைவிடக் கம்மி. ஆடிப் பெருக்கை ஒட்டி கொல்லிமலையில வல்வில் ஓரி விழா நடக்கும். திரும்பப் போகணும். அருவி பாக்கி இருக்கே! ஆனா, இந்தத் தடவை ஆறு மணி பஸ்ஸை யாரையும் விடச் சொல்ல மாட்டேன். சத்தியமா!